கார்ட்டூன் தீவும் ஜாரவா சாலையும்

கப்பல் உடைந்து ஒரு பூனை பெயரற்ற தீவொன்றில் கரை ஒதுங்குகிறது. பசி வாட்டுகிறது. கண்ணில் படுவது ஓர் எலி. துரத்தப்பட்ட எலி முகத்தில் கரி பூசிக்கொண்டு, ஈட்டி ஏந்தி, பொருளற்ற ஒலிகளை எழுப்பியபடி மீண்டும் தோன்றுகிறது. நரமாமிசம் தின்னும் தீவுவாசி வந்துவிட்டான் என்று நடுங்கும் பூனை, அந்த எலியின் ஆணைக்குப் பணிந்து கொப்பரைக்குள் தானே இறங்குகிறது. வேடம் கலைந்த பிறகு ‘மெய்யான’ தீவுவாசிகளே வந்து சேர்கிறார்கள். பூனையையும் எலியையும் தின்பதற்காக விரட்டுகிறார்கள். படம் முடிகிறது.

1951இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘ஹிஸ் மவுஸ் ஃப்ரைடே’ என்னும் டாம் அண்ட் ஜெர்ரி படத்தின் கதை இது. ஓடும் நேரம் ஏழு நிமிடம். 1719இல் வெளிவந்த ‘ராபின்சன் குரூசோ’ நாவலில், வெள்ளையன் தனக்கு அடிமையாக்கிக்கொண்ட தீவுவாசிக்கு இட்ட பெயர் ஃப்ரைடே. அந்தப் பெயரையே எலிக்குச் சூட்டிச் சிரிக்கிறது படத்தின் தலைப்பு.

இத்தகைய படங்களைப் பற்றி எவரேனும் கேள்வி எழுப்பினால் ஆயத்தமாக இரண்டு பதில்கள் வந்துவிடுகின்றன. ஒன்று, இது குழந்தைகள் பார்த்துச் சிரிக்கும் படம், இதில் அரசியல் தேடுவது வீண்வேலை என்பது. மற்றொன்று, அந்தக் காலம் அப்படி, அன்றைய மனிதர்களை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமில்லை என்பது. முற்போக்கு வட்டாரங்களிலும் இவ்விரு பதில்களும் தயக்கமின்றிச் சொல்லப்படுகின்றன. இரண்டும் பிழையானவை. அந்தப் பிழையின் விலையை இன்றுவரை செலுத்திக்கொண்டிருப்பவர்கள் இந்திய ஒன்றியத்தின் எல்லைக்குள்ளேயே, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்கிறார்கள்.

அடிபட்டாலும் சாகாத உடல்

அடிதடி நகைச்சுவைக் கார்ட்டூனுக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. அதில் எவரும் சாவதில்லை. சம்மட்டியால் தட்டையாக்கப்பட்ட பூனை அடுத்த காட்சியில் எழுந்து ஓடுகிறது. வெடிகுண்டு வெடித்தால் முகம் கறுக்கிறது; அவ்வளவே. வன்முறை உண்டு, வலி இல்லை. குற்றம் உண்டு, விளைவு இல்லை. பார்ப்பவர் குற்றவுணர்வின்றிச் சிரிக்க முடிவது இந்த விதியால்தான்.

பூனைக்கும் எலிக்கும் பொருந்துகிறவரை இந்த விதி தீங்கற்றது. மெய்யுலகில் அன்றாடம் அடிபடும் மனிதக் கூட்டத்தை அந்த விதிக்குள் இழுத்துவரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வெடிகுண்டால் கறுத்த பூனையின் முகம் தடித்த உதடுகளும் முடிச்சிட்ட சடைகளுமாக மாறி, கறுப்பினக் குழந்தையின் கேலிச்சித்திரமாகிறது. அதே தொடரில் 1940 முதல் 1952 வரை வந்த கறுப்பினப் பணிப்பெண்ணைப் பார்வையாளர்கள் அறிந்தது பெரும்பாலும் கால்களாலும் காலணியாலும் துடைப்பத்தாலும்தான். வீட்டைப் பெருக்கும் உழைப்பு திரையில் உண்டு. உழைப்பவளுக்கு முகம் மறுக்கப்பட்டது. வேறு நிறுவனங்களின் படங்களில் செவ்விந்தியர்கள் மூடர்களாக வந்தார்கள். போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் பல் துருத்திய, கண்ணாடி அணிந்த பிராணிகளாக வந்தார்கள். ஆப்பிரிக்கரும் தீவுவாசிகளும் கொப்பரையோடும் மூக்கில் எலும்போடும் வந்தார்கள்.

யார் யார் இவ்வாறு வரையப்பட்டார்கள் என்ற பட்டியலை, யாருடைய நிலமும் உழைப்பும் பறிக்கப்பட்டன என்ற பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஒன்றே. நிலத்தைப் பறிகொடுத்தவன் மூடன் என்றும், இலவசமாக உழைக்க வைக்கப்பட்டவன் சோம்பேறி என்றும், தீவை இழந்தவன் மனிதனைத் தின்பவன் என்றும் ஆக்கப்பட்டதற்குப் பொருள் வெளிப்படை. பறித்தவன் தன் மனச்சான்றுக்குச் சமாதானம் தேடுகிறான். சிரிப்பு அதை மலிவாகவும் விரைவாகவும் தருகிறது. ஏகாதிபத்தியம் ஏற்றுமதி செய்த சரக்குகளில் மொழிபெயர்ப்பே தேவைப்படாத சரக்கு இது. டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசுவதில்லை. அதனால் எந்தச் சுங்கச் சாவடியிலும் நிற்காமல் தொலைக்காட்சி வழியே தமிழ்நாட்டின் கூடங்களுக்குள்ளும் அவர்கள் நுழைந்துவிட்டார்கள்.

காலம் அப்படியா?

‘அந்தக் காலம் அப்படி’ என்ற வாதத்தை அந்தக் காலத்தின் வரலாறே மறுக்கிறது.

1941 மே மாதம் வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோவில் கார்ட்டூன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கம் சேர்த்ததற்காக ஆர்ட் பாபிட் உள்ளிட்டோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதே உடனடிக் காரணம். அந்தப் போராட்டத்தில் நின்றவர்களில் சிலர் பின்னர் யு.பி.ஏ. என்னும் ஸ்டுடியோவைத் தோற்றுவித்தார்கள். 1946இல் அந்த ஸ்டுடியோ, அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் பணத்தில் ‘பிரதர்ஹுட் ஆஃப் மேன்’ என்ற குறும்படத்தை உருவாக்கியது. மானுடவியலாளர்களான ரூத் பெனடிக்ட், ஜீன் வெல்ட்ஃபிஷ் ஆகியோர் எழுதிய சிறு வெளியீடு ஒன்றே அதற்கு அடிப்படை. தோலின் நிறத்துக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை, மனித இனம் ஒன்றே என்பதை எளிய கோடுகளில், நகைச்சுவையோடு அந்தப் படம் விளக்கியது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளைத் தொழிலாளரையும் கறுப்புத் தொழிலாளரையும் ஒரே சங்கத்தில் இணைக்கும் பணிக்கு அது கருவியானது.

ஆகவே அதே காலம், அதே நாடு, அதே தொழில், அதே பென்சில் என்ற நிலையிலேயே வேறு விதமாக வரைய முடிந்திருக்கிறது. வரைந்தவர்களுக்கு நேர்ந்தது என்ன? 1947 அக்டோபரில் ‘அமெரிக்க விரோத நடவடிக்கைகளை’ விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுவின் முன் வால்ட் டிஸ்னி தோன்றி, வேலைநிறுத்தத்தின் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள் என்று சாட்சியம் அளித்தார். யு.பி.ஏ.வைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான டேவிட் ஹில்பர்மனின் பெயரையும் அங்கே சொன்னார். ‘பிரதர்ஹுட் ஆஃப் மேன்’ படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான ரிங் லார்ட்னர் ஜூனியர் அந்தக் குழுவுக்குப் பணிய மறுத்துச் சிறை சென்றார். மற்றொருவரான ஜான் ஹப்லி கருப்புப் பட்டியல் காலத்தில் யு.பி.ஏ.விலிருந்து வெளியேற நேர்ந்தது.

கறுப்பின மக்களும் வாளாவிருக்கவில்லை. வால்டர் லாண்ட்ஸ் ஸ்டுடியோ 1941இல் எடுத்த ஒரு கார்ட்டூன், தெற்கத்திய ஊரொன்றின் கறுப்பினத்தவர் அனைவரையும் தூங்குமூஞ்சிகளாகக் காட்டியது. 1948இல் அது மீண்டும் வெளியானபோது கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. கண்டனம் எழுப்பியது, படம் விலக்கப்பட்டது. பழைய வார்னர் கார்ட்டூன்களில் பதினொன்றை 1968இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் ஒளிபரப்பிலிருந்து அகற்றியது. குடியுரிமைப் போராட்டம் தெருக்களில் வென்றெடுத்த நிலத்தின் ஒரு சிறு துண்டு அது.

இன்று அந்த உரிமைகளை வைத்திருக்கும் நிறுவனம் தன் பழைய படத் தொகுப்புகளின் முன்னால், இச்சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்ற பொருளில் எச்சரிக்கை இணைத்து விற்கிறது. காலத்தின் மேல் பழி போட முடியாது என்பதை முதலாளியே ஒப்புக்கொண்ட பிறகும், அவனுக்காக வாதாடிக்கொண்டிருப்பவர்களை என்னென்பது? ஆனால் இந்த ஒப்புதலோடு கணக்கு தீர்ந்துவிட்டதாகக் கருதுவதும் ஏமாற்றே. எச்சரிக்கை அட்டைக்குச் செலவில்லை. படத்திலிருந்து மறைந்த கொப்பரை மெய்யான தீவுகளில் எங்கே நிற்கிறது என்பதே கேள்வி.

எழுந்து வராதவர்கள்

‘மனிதனைத் தின்னும் தீவுவாசி’ என்ற உருவத்தின் மூத்த முகவரிகளில் ஒன்று அந்தமான். 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ, காலடி வைக்காத அந்தத் தீவுகளின் மக்களை நாய்முகம் கொண்டவர்கள் என்று எழுதிவைத்தார். 1890இல் ஆர்தர் கோனன் டாயில் ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் டோங்கா என்னும் அந்தமான்வாசியைப் படைத்தார். விலங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட ஒன்றாக, ஊதுகுழலால் நச்சு முள் எய்பவனாக, நரமாமிசம் தின்னும் இனத்தவனாக அவன் வருகிறான். அந்தமான் மக்களின் கருவி வில்லும் அம்பும். ஊதுகுழல் அவர்களிடம் இல்லை. அவர்கள் மனிதனைத் தின்றதற்கு எந்தச் சான்றும் இல்லை. இறந்த உறவினரின் எலும்புகளை அன்போடு அணிந்துகொண்ட மக்களின் துக்கச் சடங்கு, வெளியாரின் கண்ணுக்கு அச்சுறுத்தும் காட்சியாகிவிட்டது. டோங்காவுக்கும் 1951இன் கொப்பரைக்காரனுக்கும் இடையே அறுபது ஆண்டுகள். உருவத்தில் மாற்றமில்லை, அச்சம் சிரிப்பானது ஒன்றே மாற்றம்.

தின்றது யார், தின்னப்பட்டது யார் என்பதை மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது. 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை அமைத்தபோது கிரேட் அந்தமானியர் பத்து இனக்குழுக்களாக, சில ஆயிரம் பேராக வாழ்ந்தார்கள். 1859 மே மாதம் அபர்தீனில் வில்லம்போடு அவர்கள் எதிர்த்து நின்றார்கள். தப்பியோடி அவர்களிடம் அடைக்கலம் பெற்று, அங்கே மணமும் முடித்திருந்த தூத்நாத் திவாரி என்ற கைதி காட்டிக்கொடுத்ததால் அந்தத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அவருக்கு மன்னிப்பு பரிசாகக் கிடைத்தது. 1863இல் தொடங்கிய ‘அந்தமான் இல்லம்’ நாகரிகம் கற்பிப்பதாகச் சொல்லி அவர்களை அடைத்துவைத்தது. மேகநோயும் தட்டம்மையும் பரவின. 1901இல் எஞ்சியவர்கள் 625 பேர். 1921இல் 209. 1931இல் 90. 1961இல் 19.

கார்ட்டூன் பூனை எழுந்துவிடும். இவர்கள் எழவில்லை.

கார்ட்டூன் தீவுவாசிகளின் வாயில் பொருளற்ற ஒலிகளைத் திணித்தவர்கள், அந்த ஒலிகளுக்குப் பின்னால் மொழி இருக்கும் என்று எண்ணிப்பார்க்கவில்லை. கிரேட் அந்தமானிய மொழிகள் உடல் உறுப்புகளை அடிப்படையாகக் கொண்ட முன்னொட்டுகளால் சொற்களை வகைப்படுத்தும் நுட்பமான இலக்கணம் உடையவை என்பதை மொழியியலாளர் அன்விதா அப்பி விரிவாக ஆவணப்படுத்தியுள்ளார். அவற்றுள் போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். தொல்காப்பியம் கற்ற தமிழர்கள் ஓர் இலக்கணம் மண்ணில் புதைவதன் பொருளை மற்றவரைவிட நன்கு அறிய வேண்டியவர்கள்.

சாலையோரத்துக் கேளிக்கை

போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிபூர் வரை செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை, ஜாரவா மக்களின் காப்பகத்தை ஊடுருவிப் போகிறது. ஜாரவா என்பதே பிறர் இட்ட பெயர். அவர்கள் தம்மை ஆங் என்று அழைக்கிறார்கள். காப்பகத்துக்குள் செல்லும் பகுதியை மூட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசைகட்டி வாகனங்கள் உள்ளே சென்றன. பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் சீட்டில் எழுதப்பட்ட காரணம். வழியில் ‘காட்டுமனிதர்களை’ப் பார்ப்பது எழுதப்படாத காரணம். 2012 ஜனவரியில் பிரிட்டனின் ‘அப்சர்வர்’ ஏடு வெளியிட்ட காணொளி, உணவுக்காக ஜாரவாப் பெண்கள் சுற்றுலாப் பயணிகள் முன் ஆட வைக்கப்பட்டதை உலகுக்குக் காட்டியது. வாழைப்பழமும் பிஸ்கெட்டும் வீசியவர்கள் கொடியவர்களாகத் தம்மை உணர்ந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது கார்ட்டூனின் தொடர்ச்சி. வலிக்காத உடலைப் பார்த்துச் சிரிக்க அவர்கள் சிறுவயதிலேயே பழக்கப்பட்டவர்கள்.

அந்தச் சிரிப்பின் விளைவு நோயாகவே வந்துவிடக் கூடும். 1997இன் இறுதியில் ஜாரவா மக்கள் குடியேறிகளின் ஊர்களுக்கு அமைதியாக வரத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1999இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் 380 பேர். ஒங்கே மக்கள் 101. கிரேட் அந்தமானியர் 44.

2025 மார்ச்சில் ஓர் அமெரிக்க இளைஞர் தடையை மீறி வடக்கு சென்டினல் தீவின் கரையில் இறங்கினார். ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் டப்பாவையும் அங்கே ‘காணிக்கை’யாக வைத்து, கேமராவில் பதிவு செய்துகொண்டு திரும்பினார்; பிறகு கைதானார். வெளியாரின் சளிக்காய்ச்சலே அழித்துவிடக்கூடிய மக்களிடம் ஏகாதிபத்தியத்தின் தகர டப்பா போய்ச் சேர்ந்த காட்சியை எந்தக் கார்ட்டூன் ஸ்டுடியோவும் இதைவிடத் துல்லியமாக வரைந்திருக்க முடியாது.

ஆளில்லாத் தீவு என்னும் பொய்

தனிமனிதர்களின் அறியாமையோடு இது முடிவதில்லை. கார்ட்டூன் தீவில் கொப்பரைக்காரர்களுக்கு நிலவுரிமை கிடையாது. வந்து இறங்குகிறவனுடைய சாகசத்துக்கான பின்திரை அது. ஒன்றிய அரசின் கிரேட் நிக்கோபார் திட்டமும் அதே கண்ணோடு அந்தத் தீவைப் பார்க்கிறது. கலாதியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் என 72,000 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்ட திட்டத்துக்காக 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு மாற்றுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்படுகிறது. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று அரசே நாடாளுமன்றத்தில் மதிப்பிட்டுச் சொன்னது. ஈடாகக் காடு வளர்க்க அது காட்டிய இடம் ஹரியானா.

அந்தக் காட்டில் ஷோம்பென் மக்கள் வாழ்கிறார்கள். 2011 கணக்கில் 229 பேர். அவர்களிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் முகாம்களுக்கு மாற்றப்பட்ட நிக்கோபாரிகள் தம் பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று தொடர்ந்து கேட்கிறார்கள். அவர்களுடைய பழங்குடிப் பேரவை, முன்பு அளித்த தடையின்மைச் சான்றை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. அதே மாதம் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. தீவில் இன்று சில ஆயிரம் பேர் வாழும் இடத்தில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றும் கணக்கு போடப்பட்டிருக்கிறது. எதிர்ப்பவர்கள் வளர்ச்சியின் பகைவர்கள், பழங்குடிகளைக் காட்சிப்பொருளாகவே வைத்திருக்க விரும்புகிறவர்கள் என்று ஆளும் தரப்பு வாதிடுகிறது. அவர்களைக் காட்சிப்பொருளாக்கியது நெடுஞ்சாலை. அதைக் கேள்வி கேட்பவர்கள்மீதே அந்தப் பழி திரும்புகிறது.

2018இல் மூன்று தீவுகளுக்கும் 2024இல் போர்ட் பிளேருக்கும் ‘அடிமைச் சின்னங்களை’ அகற்றுவதாகச் சொல்லிப் பெயர் மாற்றினார்கள். ஆங்கிலத் தளபதி ஹேவ்லாக்கின் பெயர் போனதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தீவுகளின் ஆதிக்குடிகளது மொழியிலிருந்து ஒரு பெயர்கூட எடுக்கப்படவில்லை. பேச்சற்ற கொப்பரைக்காரர்களிடம் பெயர் கேட்பது எவருக்கும் தோன்றவில்லை.

சொந்த வீட்டுக் கணக்கு

இடதுசாரிகள் இந்தக் குற்றப் பட்டியலைப் பிறர்மேல் மட்டும் படித்துவிட்டு எழுந்துவிட முடியாது. அந்தமான் என்றதும் தோழர்களின் நெஞ்சில் எழுவது செல்லுலார் சிறை. 1933 உண்ணாவிரதத்தில் உயிர் நீத்த மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகியோரும், 1935இல் சிறைக்குள்ளேயே உருவான கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷனும் பெருமைக்குரிய மரபு. அந்த மரபைச் சொல்லும் மேடைகளில் தீவின் ஆதிக்குடிகள் எங்கே? தப்பியோடும் கைதியை அச்சுறுத்தும் காடாக, இருளில் பாயும் அம்பாக மட்டுமே பெரும்பாலும் வருகிறார்கள். தியாகிகளை அடைத்த அதே தண்டனைக் குடியிருப்புத்தான் ஒரு மக்களினத்தை ஏறத்தாழ அழித்தது என்ற உண்மை, தியாகத்தின் கதைக்குள் இன்னும் இடம்பெறவில்லை. இடம்பெற்றால் தியாகிகளின் பெருமை குறையாது. அவர்கள் எதிர்த்த ஏகாதிபத்தியத்தின் முழு உருவமும் அப்போதுதான் தெரியும்.

தமிழர்களுக்குக் கூடுதல் கடமை உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழனின் ‘சாமி’ என்று முடியும் பெயரையே வசைச்சொல்லாக்கி வெள்ளையர் அழைத்தார்கள். கேலிக்கு உள்ளாகும் வலி தமிழ் உழைப்பாளியின் பரம்பரைச் சொத்து. இலங்கைத் தோட்டங்களிலிருந்து நாடு திரும்ப வைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சல் தீவில் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களும் வேரறுக்கப்பட்டவர்களே, நிக்கோபாரிக்கும் அவர்களுக்கும் இடையே பகை வளர்ந்தால் ஆதாயம் ஆளும் வர்க்கத்துக்கே. இருந்தும் தமிழ்த் திரையில் ‘காட்டுவாசி’ என்றால் இலைதழை உடையும் கரிபூசிய உடலும் புரியாத கூச்சலும்தான். கதாநாயகனைக் கம்பத்தில் கட்டிவைத்துச் சுற்றிவந்து ஆடும் அந்தக் கூட்டம் எம்.ஜி.எம். ஸ்டுடியோவிலிருந்து நேராக இறக்குமதியானது. நாளேடுகளிலும் ‘கற்கால மனிதர்கள்’ என்ற தலைப்பு தயக்கமின்றி அச்சாகிறது. சாதியச் சமூகத்துக்கு இந்தச் சிரிப்பு அந்நியமானதும் அன்று. உழைக்கும் சாதிகளின் நிறத்தையும் பேச்சையும் பெயரையும் நகைச்சுவைக் காட்சிக்குத் தீனியாக்கிப் பழகிய திரைக்கு, தீவுவாசி ஓர் எளிய சேர்க்கை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. காப்பகத்துக்குள் செல்லும் சாலையை மூடச் சொன்ன 2002ஆம் ஆண்டு ஆணையை நிறைவேற்றக் கோர வேண்டும். கடல்வழிப் போக்குவரத்தை வலுப்படுத்தினால் வடக்கு, நடு அந்தமானின் உழைக்கும் மக்களுக்கு இடையூறின்றி அது இயலும். கிரேட் நிக்கோபார் திட்டத்தைக் கைவிடக் கோரும் குரலைத் தமிழ்நாட்டின் தொழிற்சங்க மேடைகளிலும் ஒலிக்கச் செய்ய வேண்டும். கட்சியின் வெளியீடுகளிலும் வகுப்புகளிலும் ‘நாகரிகமற்றவர்’, ‘பின்தங்கியவர்’ போன்ற சொற்களைக் களைய வேண்டும். குழந்தைகள் அமைப்புகளில் பணியாற்றும் தோழர்கள் கார்ட்டூன்களைத் தடைசெய்யத் தேவையில்லை. குழந்தைகளோடு அமர்ந்து பார்த்து, கொப்பரை வரும் இடத்தில் நிறுத்தி, இந்தத் தீவில் மெய்யாக வாழ்ந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் போதும். 625, 209, 90, 19 என்ற எண்களைக் குழந்தைகளும் புரிந்துகொள்வார்கள்.

அடுத்த முறை அந்தமான் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தும் கூட்டத்தில், 1859இல் அபர்தீன் கரையில் வில்லேந்தி வீழ்ந்தவர்களையும் நினைவுகூர்ந்தே முதல் முழக்கம் எழட்டும். ஏகாதிபத்தியத்தை அந்த மண்ணில் முதலில் எதிர்த்தவர்கள் அவர்களே.